எதிர்க்கடைக்குப் போன சைக்கிள்

ஒரு சைக்கிள் மெக்கானிக்கோட பொண்டாட்டி தன்னோட சைக்கிளை எதிர்க்கடைக்குத் தள்ளிட்டுப் போனா, அந்தத் தெருவுல அன்னிக்கு வேற யாருக்கும் வேலை ஓடாது. எங்க தெருவுலயும் ஓடலை. டீக்கடைக்காரர் பாலைப் பொங்க விட்டுட்டு வாசல்ல வந்து நின்னாரு. நான் தச்சுக்கிட்டிருந்த சட்டைக் காலரை அப்படியே ஊசியோட விட்டுட்டு எந்திரிச்சேன். "உனக்கென்னடி அவ்வளவு கோவம்? உன் புருஷனா, உன் சைக்கிளா?"ன்னு பின்னாடி நாலு பேர் என்னைக் கேட்டாங்க. ஆமா, கோவம்தான். இப்ப நினைச்சாலும் எனக்குப் பத்திக்கிட்டு வருது.

என் தையல் கடைக்கும் அந்த மெக்கானிக் கடைக்கும் நடுவுல ஒரு பலகைச் சுவர்தான். அந்தப் பக்கம் ஸ்பேனர் விழுந்தா இந்தப் பக்கம் என் கை தடுமாறும். புருஷன் பொண்டாட்டி பேசறது எல்லாம் காதுல விழும். ஒட்டுக் கேக்கற புத்தி எனக்கு இல்லை, ஆனா காதைக் கழட்டி வைக்கவா முடியும்?

மெக்கானிக் அண்ணன் கைவேலைக்காரர்தான், இல்லேங்கலை. லாரி ஏறி நெளிஞ்ச ரிம்மைக்கூட ஸ்போக்ஸைத் திருகித் திருகி வட்டமாக்கிடுவாரு. ஆனா அந்த வாய் இருக்கே! தெருவுல போறவனைக் கூப்பிட்டு நிறுத்தி, "பாத்தியா, எப்படி நிமித்தினேன்?"ன்னு கேப்பாரு. அவன் பாத்தேன்னு சொல்ற வரைக்கும் விடமாட்டாரு. தப்பா ஒரு நட்டை முடுக்கிட்டாக்கூட, "அது அப்படித்தான் இருக்கணும்"னுதான் சொல்லுவாரே தவிர, கழட்டி மாட்ட மாட்டாரு.

அக்கா, அதான் அவரு பொண்டாட்டி, பேக்கரியிலிருந்து வீடுகளுக்கு ரொட்டி கொண்டுபோய்ப் போடறவ. காலையில ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. கேரியர்ல ரெண்டு பக்கமும் தகரப் பெட்டி, பெட்டிக்கு முப்பது ரொட்டி. மேட்டுக்கு அந்தாண்ட இருக்கற மூணு தெரு, ஒரு ஆஸ்பத்திரி, ரெண்டு விடுதி, எல்லாம் அவ கணக்கு. ஒம்பது வருஷமா அவதான் போறா. அதுக்கு முன்னாடி என்ன பண்ணிக்கிட்டிருந்தான்னு கேளுங்க. புருஷன் கடையில ஒரு முக்காலியில உக்காந்து பஞ்சர் பாக்கற தொட்டிக்குத் தண்ணி மாத்திக்கிட்டு, "அதை எடு, இதைப் புடி, அது இல்லடி, கண்ணு தெரியலையா?"ன்னு வர்றவன் போறவன் முன்னாடி வாங்கிக் கட்டிக்கிட்டிருந்தா. ஒருநாள் என் கடையில டீ குடிச்சுக்கிட்டே சொன்னா, "அந்த மேட்டுல எந்திரிச்சு நின்னு மிதிச்சு ஏறும்போதுதான்டி, நானும் ஒரு ஆளுன்னு எனக்கே தோணுது. ஆஸ்பத்திரி வாட்ச்மேன் என்னைப் பாத்துத்தான் கடிகாரத்தைத் திருப்பி வைக்கிறாரு, தெரியுமா?"

அந்த வேலைக்குத்தான் ஆபத்து வந்துச்சு. மழைக்கு முன்னாடி மேட்டு ரோட்டைக் குழாய் போடணும்னு தோண்டினாங்க. மேல ஜல்லியைக் கொட்டினாங்க. அவ்வளவுதான், போனவங்க போனவங்கதான். அக்காவோட வண்டிக்கு ஒல்லி டயர். வாரத்துக்கு ரெண்டு தடவை ஜல்லி குத்தி டியூப் வெடிச்சிடும். ரொட்டி லேட்டாகும். ஆஸ்பத்திரியிலிருந்து பேக்கரிக்குப் போன் போகும். முதலாளி மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு, "பாரும்மா, மோட்டார் வண்டி வச்சிருக்கற ஒருத்தன் இந்த ரூட்டைக் கேட்டுக்கிட்டே இருக்கான். உனக்காகத்தான் இழுத்துப் புடிச்சிருக்கேன்"னு சொல்லிட்டாரு.

அன்னிக்கு அவங்க கடையில பேச்சு நடந்துச்சு. பலகைக்கு இந்தப் பக்கம் நான் பட்டன் கட்டிக்கிட்டிருந்தேன்.

"தடி டயரா போட்டுட்டா ஜல்லி ஒண்ணும் பண்ணாதுங்க. ஆனா நம்ம பிரேமுக்குள்ள அது சுத்துமா?" அக்கா கேட்டா.

"என்னைக் கேக்கறியா? நான் பாக்காத பிரேமா?"

"இல்லைங்க, பின்னாடி ரெண்டு குழாய்க்கும் நடுவுல எடமே கம்மியா இருக்கே."

"ஏய், ரொட்டி சுடறது எப்படின்னு நான் உனக்குச் சொல்றேனா? சும்மா இரு."

அவ ரொட்டி சுடறவ இல்ல, கொண்டு போறவ. அதுகூடத் தெரியாது அந்த மனுஷனுக்கு!

திங்கக்கிழமை வேலை நடந்துச்சு. எங்கிருந்தோ அகல ரிம் போட்ட ஒரு ஜோடிச் சக்கரம் கொண்டு வந்தாரு. கடையில இருந்ததுலயே தடியான டயரை அதுல மாட்டினாரு. முன்னாடிப் பக்கம் தாராளமா உக்காந்துருச்சு. பின்னாடிதான் சிக்கல். ரெண்டு குழாயும் பெடல் பக்கம் ஒடுங்கி, பின்னாடி போகப் போக விரியும். அதனால ஆக்சில் உக்கார்ற நீளமான வெட்டுப் பள்ளத்துல, சக்கரத்தை ஒட்டக் கடைசிக்கு இழுத்து வச்சு நட்டை முடுக்கினாரு. அப்புறம் ஒரு தீப்பெட்டி அட்டையைக் கிழிச்சு டயருக்கும் குழாய்க்கும் நடுவுல விட்டுக் காட்டினாரு. அட்டை போச்சு. வண்டியை ஸ்டாண்டுல நிறுத்தி ஒரு சுத்து சுத்தினாரு. சக்கரம் சத்தமில்லாம ஓடிச்சு.

"அட்டை நுழைஞ்சாப் போதும், உலகத்தைச் சுத்தலாம்!"னு தெரு முழுக்கக் கேக்கற மாதிரி சொன்னாரு. எதிர்க்கடையைப் பாத்துச் சொன்னாருன்னு வச்சுக்கோங்களேன்.

எதிர்க்கடைக்காரரும் சைக்கிள் மெக்கானிக்தான், அவருக்கு இவரு வச்ச பேரு அரைநூலு. எதையும் நூல் கணக்குல, அதாவது ஒரு அங்குலத்தை எட்டாப் பிரிச்ச கணக்குல அளந்து, அரை நூல் வித்தியாசம் இருந்தாலும் கழட்டி மாட்டுற ஆளு. ஒரு சக்கரத்தோட அரை நாள் உக்காந்திருப்பாரு. "அரைநூலுகிட்டக் குடுத்தா வண்டி வர்றதுக்குள்ள உனக்கு வயசாயிடும்"னு இவரு கேலி பண்ணுவாரு, கூட்டம் சிரிக்கும், நானும் சிரிச்சிருக்கேன். பழைய ஒல்லிச் சக்கரம் ரெண்டையும் இவரு அன்னிக்கே வேற ஒருத்தன் வண்டிக்குப் போட்டு அனுப்பிட்டாரு. திரும்பிப் போக வழியே வைக்கலை.

நான் ஒரு வார்த்தை கேட்டேன். "அண்ணே, நின்னுக்கிட்டு அளவெடுத்துத் தச்சா, உக்காரும்போது பிரியும்ணே. பெட்டியை ஏத்திப் பாத்தீங்களா?"

"நீ ஜாக்கெட்டைப் பாரும்மா"ன்னாரு.

செவ்வாக்கிழமை சாயங்காலமே அக்கா சொன்னா, "மேடு ஏறும்போது சர்ரு சர்ருன்னு ஒரு சத்தம் வருதுங்க."

"புது டயர்ல முடி மாதிரி ரப்பர் நீட்டிக்கிட்டு இருக்கும். அது உரசும். நாலு நாள்ல தேஞ்சிரும்."

புதன்கிழமை சொன்னா. வியாழக்கிழமை சொன்னா. "பெடலைப் புடிச்சு யாரோ பின்னாடி இழுக்கற மாதிரி இருக்குங்க. கொஞ்சம் பாருங்களேன்."

"வயசாகுதுல்ல, காலுல வலு இல்ல. அதுக்கு வண்டியைக் குத்தம் சொல்லாத."

இதைக் கேட்டுக்கிட்டு நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அவளும் பேசாமப் போயிட்டா. எதிர்த்துப் பேசினா அந்த மனுஷன் ரெண்டு நாளைக்குத் தட்டைத் தள்ளி வச்சுட்டு முறைச்சுக்கிட்டே உக்காந்திருப்பாரு. அந்தத் தொல்லைக்கு ஒரு சத்தத்தைப் பொறுத்துக்கலாம்னு நெனச்சிருப்பா.

சனிக்கிழமை காலையில, மழை விட்ட கையோட, அவ மேட்டுல எந்திரிச்சு நின்னு மிதிச்சிருக்கா. பின்சக்கரம் படக்குனு நின்னுருச்சு. சறுக்கலை, வழுக்கலை, அப்படியே பூட்டுப் போட்ட மாதிரி நின்னுருச்சு. வண்டியோட, பெட்டியோட, நடு ரோட்டுல சாஞ்சா. பின்னாடி மணல் லாரி. டிரைவர் பிரேக்கை மிதிச்ச சத்தம் டீக்கடை வரைக்கும் கேட்டுச்சு. அவ தலைக்கும் லாரி டயருக்கும் நடுவுல ஒரு முழம் இருந்துச்சுன்னு அந்த டிரைவர் மறுநாள் எங்க தெருவுல எறங்கி வந்து எங்க எல்லாருக்கும் கையால அளந்து காட்டினாரு. ஒரு முழம்!

முழங்கால் வீங்கி, முழங்கை தோல் உரிஞ்சு, தாடையில ரத்தத்தோட அவ அதே வண்டியை, சுத்தாத பின்சக்கரத்தைத் தூக்கித் தூக்கி வச்சு, பேக்கரி வரைக்கும் தள்ளிட்டுப் போயிருக்கா. அறுபது ரொட்டியும் சேத்துல. முதலாளி அடிபட்டிருக்கேன்னு ஒரு ஸ்டூல் போட்டு உக்கார வச்சாராம். அப்புறம் சொன்னாராம், "சாயங்கால நடைக்கு நாலு மணிக்குச் சரக்கு ஏறணும். நல்ல வண்டியோட வந்து நின்னா ரூட்டு உன்னுது. நாலு தாண்டினா அந்த மோட்டார்காரனுக்குத்தான். இதுக்கு மேல என்னால முடியாதும்மா."

கடை வாசலுக்கு அவ வந்து சேந்தப்போ மணி ஒம்பதரை. மெக்கானிக் அண்ணன் ஒரு வண்டிக்குச் செயின் மாட்டிக்கிட்டிருந்தாரு. ரெண்டு வாடிக்கைக்காரங்க நின்னுக்கிட்டிருந்தாங்க. ரத்தத்தைப் பாத்ததும் எந்திரிச்சாரு, இல்லேன்னு சொல்லலை. முகம் வெளுத்துத்தான் போச்சு. ஆனா வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா?

"பெட்டியை ஒரு பக்கமாக் கட்டியிருப்ப."

அக்கா தாடை ரத்தத்தைப் புறங்கையால தொடைச்சா.

"பாரம் ஒரு பக்கம் சாஞ்சா எந்த வண்டியும் கவுத்துத்தான் விடும். எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? குடு, உள்ள கொண்டா, நான் பாக்கறேன்."

கை நீட்டினாரு. அவ ஹேண்டில்பாரைத் தன் பக்கம் இழுத்துக்கிட்டா.

"தொடாத."

ஒம்பது வருஷத்துல, ஏன், நான் அந்தத் தெருவுக்கு வந்ததுலருந்தே, அவ அவரை 'நீ'ன்னு சொல்லி நான் கேட்டதில்லை. அவருக்கும் புதுசுதான் போல, நீட்டின கை நீட்டினபடியே நின்னுச்சு.

"என்னடி சொன்ன?"

"என் வண்டியைத் தொடாதன்னு சொன்னேன். நாலு நாளா நாய் மாதிரி கத்தினேன், உரசுது உரசுதுன்னு. கால்ல வலு இல்லைன்ன. இப்ப பெட்டியைக் கட்டத் தெரியலைங்கற. செத்திருந்தா என்ன சொல்லியிருப்ப? சரியா சாகத் தெரியலைன்னா?"

திரும்பினா. நொண்டிக்கிட்டே, பின்சக்கரத்தைத் தூக்கி வச்சு, ரோட்டைத் தாண்டினா. ஒரு ஆட்டோ ஹாரன் அடிச்சுச்சு. அவ நிக்கலை. நேரா அரைநூலு கடை வாசல்ல கொண்டுபோய் நிறுத்தினா. பால் பொங்கினது அப்பதான்.

நான் தண்ணியும் பழந்துணியும் எடுத்துக்கிட்டு பின்னாலயே ஓடினேன்.

அரைநூலு ஒரு வார்த்தை நக்கலாப் பேசலை. பேசியிருந்தாலும் தப்பில்லை, அவ்வளவு கேலி வாங்கின மனுஷன். மூக்குக்கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு, "ஒக்காரும்மா, மொதல்ல காயத்தைக் கழுவிக்கோ"ன்னாரு. அப்புறம் நேராத் தரையில படுத்துட்டாரு, சக்கரத்துக்குக் கீழ.

"சங்கிலிப் பக்கம் ஆக்சில் முன்னால நகந்திருக்கும்மா. எந்திரிச்சு நின்னு மிதிச்சா சங்கிலி அந்த இழு இழுக்கும். இந்தப் பக்கம் நகந்தா சக்கரம் திரும்பி அந்தப் பக்கக் குழாய்ல போய் முட்டும். எடம் இருந்தா முட்டாது. இங்க எடமே இல்லியே."

"அட்டை நுழைஞ்சுதுண்ணே, நானே பாத்தேன்"னேன் நான்.

"வெறும் வண்டியிலயா?" படுத்தபடியே கேட்டாரு. "காத்தடிச்சு ரெண்டு நாளான டயர் தானாவே பெருக்கும். அகல ரிம்முல மாட்டினா இன்னும் விரியும். டயர் மேல போட்டிருக்கற நம்பரை நம்பக் கூடாது, மாட்டிக் காத்தடிச்சு அளக்கணும். அதுக்கு மேல பாரம். அதுக்கு மேல சேறு. ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு நூலாவது வேணும். இல்லேன்னா ஒருநாள் இல்லே ஒருநாள்..." குழாயை உத்துப் பாத்தாரு.

கட்டை விரல் நகத்தால குழாயோட உள்பக்கத்தைச் சுரண்டினாரு. கறுப்புப் பெயிண்ட் ஈரத் தோல் மாதிரி உரிஞ்சு வந்துச்சு. அதுக்குக் கீழ, ஒரு விரல் நீளத்துக்கு இரும்பு பளபளன்னு தேஞ்சு கெடந்துச்சு.

எந்திரிச்சு உக்காந்தாரு. நகத்தைப் பாத்தாரு, அக்காவைப் பாத்தாரு.

"பெயிண்ட் யாரு அடிச்சது? அடிச்சு ஒரு நாளுகூட ஆயிருக்காது."

அக்காவுக்கு ஒரு நிமிஷம் புரியலை. அப்புறம் புரிஞ்சுச்சு. அந்த முகத்தை நான் பாத்தேன். லாரிக்கு முன்னாடி விழுந்து எந்திரிச்சு வந்தப்போகூட அந்த முகம் அப்படி இல்லை.

யாரு அடிச்சதுன்னு எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை மத்தியானம், ரெண்டு நடைக்கும் நடுவுல அவ கண்ணசந்திருந்த நேரம், நான் துணி உதற வெளிய வந்தேன். மெக்கானிக் அண்ணன் சின்ன பிரஷ்ஷை வச்சுக்கிட்டு அவ வண்டிக்குக் கீழ குனிஞ்சிருந்தாரு. "என்னண்ணே?"ன்னேன். "துருப் புடிக்குதும்மா"ன்னாரு. நானும் சரின்னு உள்ள போயிட்டேன். புது சத்தம், புது டயர், புதுப் பெயிண்ட்! தையக்காரி நான், ஒரு தையல் பிரிஞ்சா எங்க இழுக்குதுன்னு தேடறவ, அன்னிக்கு என் மூளை எங்க போச்சு?

"அக்கா, நான் பாத்தேன். நேத்து மத்தியானம். துருன்னு சொன்னாரு."

அவ என்னைத் திரும்பிப் பாத்தா.

"பாத்தியா?"

"பாத்தேங்க்கா. எனக்குத் தோணலை..."

"சரி"ன்னா. அதுக்கு மேல எங்கிட்ட ஒண்ணும் பேசலை. திட்டியிருந்தாத் தாங்கியிருப்பேன்.

அரைநூலு கடையில இருந்த டயரை எல்லாம் எறக்கி அளந்து பாத்தாரு. ஒண்ணு ஜல்லிக்குத் தாங்காது, ஒண்ணு மறுபடியும் உரசும். "நடுத்தரமா, கெட்டித் தோலு டயர் ஒண்ணு இருக்கு. இந்த ரிம்முல அது சரியா உக்காரும், ரெண்டு நூல் விட்டு நிக்கும். எங்கிட்ட இல்லம்மா." தலையை நிமித்தாம ரோட்டுக்கு அந்தப் பக்கம் கண்ணைக் காட்டினாரு. "அவருகிட்ட ஒரு ஜோடி தொங்குது."

மணி பன்னெண்டு. அக்கா எங்கிட்ட, "போய்க் கேளு"ன்னா.

நான் போனேன். மெக்கானிக் அண்ணன் செயின் மாட்டின வண்டிக்கு மறுபடியும் செயினைக் கழட்டி மாட்டிக்கிட்டு உக்காந்திருந்தாரு. கடையில ஒரு ஆளு இல்லை.

"அந்தக் கெட்டித் தோலு டயர் ஜோடி வேணும்."

"அவளை வரச் சொல்லு, நானே மாட்டித் தர்றேன்."

"அவ வரமாட்டா."

"எவனோ ஒருத்தன் என் பொண்டாட்டி வண்டியில கை வைக்கிறான், நான் டயர் எடுத்துக் குடுக்கணுமா? ஊரு சிரிக்குது!"

"சிரிக்கலை"ன்னேன் நான். என் குரல் எனக்கே புதுசா இருந்துச்சு. "யாரும் சிரிக்கலை. குழாய்ல பெயிண்ட் உரிஞ்சுதுண்ணே. எல்லாரும் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. உரசுதுன்னு தெரிஞ்சும் எங்க கண்ணுல மண்ணைத் தூவிட்டு அவளை மேட்டுல அனுப்பியிருக்கீங்க. நீங்கெல்லாம் மனுஷனா?"

அவரு ஸ்பேனரைக் கீழ வச்சாரு. "திங்கக்கிழமைதான் அவ்வளவு பேசினேன். வெள்ளிக்கிழமை கழட்டினா எப்படி இருக்கும்? ஒரு வாரம் போகட்டும், மெதுவா மாத்திடலாம்னு..."

டயர் ஜோடியைக் கொக்கியிலிருந்து எடுத்துத் தோள்ல மாட்டிக்கிட்டு, அவரே ரோட்டைத் தாண்டினாரு. எதிர்க்கடை வாசப்படியை அவரு மிதிச்சது அதுதான் மொத தடவை. அரைநூலு நகந்து எடம் விட்டாரு. அக்கா ஏறிட்டும் பாக்கலை.

"வச்சுட்டுத் தள்ளி நில்லு."

நின்னாரு. ரெண்டரை மணி நேரம், வெயில்ல, ஒரு ஓரமா. அரைநூலு டயரை மாட்டினாரு, காத்தடிச்சாரு, அளந்தாரு, ரிம்மை நேராக்கினாரு, மறுபடியும் அளந்தாரு. ஆக்சில் நகராம இருக்க ரெண்டு பக்கமும் இழுத்துப் புடிக்கற திருகு போட்டாரு. அக்கா பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்து ஒவ்வொண்ணையும் பாத்தா. கேட்டா. கடைசியில அளவுக் கோலைத் தானே வாங்கி, ரெண்டு பக்கமும் விட்டுப் பாத்தா.

"பாரம் ஏத்திப் பாக்கணும்"னாரு அரைநூலு. "யாராவது மேட்டுல ஒரு தடவை நின்னு மிதிச்சு ஏறி வரணும். உன் காலு இப்ப வேணாம்."

தகரப் பெட்டி ரெண்டுலயும் செங்கல்லை அடுக்கினோம். அக்கா எந்திரிச்சு, வண்டியை அவரு முன்னாடி கொண்டுபோய் நிறுத்தினா.

"ஏறு."

"நானா?"

"மேட்டு உச்சி வரைக்கும். உக்காந்து மிதிக்காத. நின்னு மிதி. நான் மிதிக்கற மாதிரி."

அவரு சுத்திப் பாத்தாரு. டீக்கடைக்காரரு, வாடிக்கைக்காரங்க, நானு, எல்லாரும் அவரையே பாத்துக்கிட்டு நின்னோம். ஏறினாரு. அந்தப் பாரத்தோட ஆடி ஆடிப் போனாரு. ஜல்லி ஆரம்பிக்கற எடத்துல எந்திரிச்சு நின்னாரு. பின்னாடியே ஒரு மணல் லாரி கியரை மாத்திக்கிட்டு உறுமிக்கிட்டே ஏறிச்சு. அவரு குனிஞ்சு குனிஞ்சு தன் பின்சக்கரத்தைப் பாக்கறது எங்களுக்கு இங்கிருந்தே தெரிஞ்சுச்சு. ஒரு எடத்துல லாரிக்காரன் ஹாரன் அடிச்சான். இவரு துள்ளிப் போயிட்டாரு.

திரும்பி வந்து எறங்கினப்போ சட்டை முதுகோட ஒட்டியிருந்துச்சு. எறங்கின பின்னாடியும் ஹேண்டில்பாரை விடாமப் புடிச்சுக்கிட்டே நின்னாரு. அரைநூலு குனிஞ்சு அளந்துட்டு, "நகரலை. ரெண்டு நூல் அப்படியே இருக்கு"ன்னாரு.

அக்கா அவரையே பாத்துக்கிட்டிருந்தா.

"பயமா இருந்துச்சா?"

அவரு எல்லாரையும் ஒரு தடவை பாத்தாரு. அப்புறம் தலையை ஆட்டினாரு. "எப்ப நின்னுருமோ, எப்ப நின்னுருமோன்னு... லாரி வேற பின்னாடியே..."

"நல்லா மாட்டின வண்டி. பாத்துப் பாத்து அளந்தது. அதுலயே உனக்கு இவ்வளவு பயம். ஒரு மேடு, ஒரே ஒரு தடவை." அவ குரலை ஒசத்தலை. "உரசுதுன்னு தெரிஞ்ச வண்டியில என்னை நேத்து சாயங்காலம் அனுப்பின. இன்னிக்குக் காலையில அனுப்பின. போறப்போ கடை வாசல்ல நின்னு பாத்துக்கிட்டுதானே இருந்த?"

அவரு தலையைக் குனிஞ்சாரு. நானும் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன்.

"செங்கல்லை எறக்கு."

ஒவ்வொண்ணா எறக்கினாரு. அவ பெட்டிக்குள்ள இருந்த செம்மண்ணை ஒரு துணியால தொடைச்சா. அரைநூலுக்கு ஒரு கும்பிடு போட்டா. வீங்கின காலை ஒரு கையால தூக்கிப் பெடல்ல வச்சு, புருஷன்கிட்டயும் எங்கிட்டயும் சொல்லிக்காம பேக்கரிப் பக்கம் ஏறிப் போயிட்டா. மணி நாலாக இன்னும் இருபது நிமிஷம் இருந்துச்சு.